பட்டறைப் பதில்கள்: கழல மறுக்கும் கியர் நாப்

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய பிரிட்டிஷ் செடான் ஒன்று, 1950களின் கடைசியில் வந்த மாடல், இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. கியர் லீவரைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை கிழிந்துவிட்டது. புதிது போடுவதற்காக மேலே இருக்கும் கறுப்பு நாபைக் கழற்றப் பார்த்தேன். அசையவே இல்லை. அழுத்தித் திருகினால் லீவரே சேர்ந்து திரும்புவது போல இருக்கிறது. நண்பர் ஒருவர் பைப் ரெஞ்ச் கொண்டுவருவதாகச் சொல்கிறார். வரச் சொல்லவா?

பதில்: நண்பர் வரட்டும், பைப் ரெஞ்ச் வர வேண்டாம். அதன் பல் பட்ட நாப்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பாலிஷும் அந்தத் தழும்பை மறைப்பதில்லை.

லீவர் சேர்ந்து திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள். லீவரின் கீழ்ப்பகுதி கியர் பாக்ஸின் தலையில் ஒரு பந்து மூட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பந்து தன்னைத்தானே சுற்றாமல் இருக்க, பல வண்டிகளில் பக்கவாட்டில் ஒரு சின்ன பின் வைத்திருப்பார்கள். நீங்கள் மேலே திருகுகிற விசை முழுக்க அந்தப் பின்னுக்குப் போகிறது. அது முறிந்தால் நாப் வேலை கியர் பாக்ஸ் வேலையாக மாறிவிடும். என்னிடம் வேலை பழக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கொடுக்கிற விசை நாபுக்கும் லீவருக்கும் நடுவிலேயே முடிந்துவிட வேண்டும், கீழே இறங்கக் கூடாது.

அதற்கு முன் ஒன்று. உங்களுக்கு வேண்டியது புது உறை. நாபைக் கழற்றாமலே அது முடியுமா என்று பார்த்தீர்களா? சில வண்டிகளில் லீவரை மொத்தமாக மேலே உருவிவிடலாம். கீழ்முனையில் பெரிய மூடி எதுவும் கோத்திருக்காவிட்டால், சோப்புத் தண்ணீர் தடவி உறையை அடியிலிருந்தே ஏற்றிவிடலாம். அறுபது வருஷமாக உட்கார்ந்திருக்கிற நாப் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

முடியாது என்றால், நாபின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒல்லியாக ஒரு நட் தெரிகிறதா? அதுதான் லாக் நட், நாப் தளராமல் அடியிலிருந்து இறுக்கிப் பிடிப்பது. கிரீஸும் அழுக்கும் மூடி, பார்ப்பதற்கு நாபின் கழுத்துப் பட்டை மாதிரியே இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் ஆறு முகமும் வெளியே வந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது நாப் கழல்வது இடஞ்சுழியாக. ஆனால் லாக் நட் நாபை விட்டு விலக வேண்டுமானால் அது கீழே இறங்க வேண்டும், அதாவது வலஞ்சுழியாகப் போக வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் திருகினால் நட் நாபை இன்னும் இறுக்கிக்கொண்டே போகும். ஒல்லி ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொண்டு, நாபை மட்டும் இடப்பக்கம் திருகுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகும்போது லீவருக்குக் கிட்டத்தட்ட எந்த விசையும் போகாது. பாதி நாப்கள் இதிலேயே கழன்றுவிடும்.

நட் இல்லையா? நாபின் பக்கவாட்டை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட்டோ மெழுகோ அடைத்த ஒரு சின்னக் குழி தட்டுப்பட்டால் உள்ளே கிரப் ஸ்குரூ, அதாவது நாபை லீவரோடு பிடித்து நிறுத்தும் தலையில்லாத சின்னத் திருகு, இருக்கலாம். ஊசியால் குழியைச் சுத்தம் செய்துவிட்டு, காடியில் இறுக்கமாக உட்காரும் ஸ்குரூ டிரைவரைப் போடுங்கள். தளர்வான டிரைவரைப் போட்டால் காடி தேய்ந்துவிடும், அப்புறம் துளை போடுவதைத் தவிர வழி இருக்காது.

இரண்டும் இல்லை, வெறும் மரைதான் என்றால் துருப் பிடித்து இறுகியிருக்கிறது என்று அர்த்தம். லீவர் எஃகு. நாபின் உள்ளே வார்த்திருக்கும் புஷ் (மரை வெட்டிய உலோகக் குழல்) பெரும்பாலும் பித்தளை, அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே பல வருஷக் கைவியர்வையின் உப்பு இறங்கியிருக்கிறது. அரிப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? அரித்து வருகிற பொருள் மூல உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மரை தன்னைத்தானே ஆப்பு வைத்துக்கொள்கிறது.

எல்லோரும் இந்த இடத்தில் துரு நீக்கும் எண்ணெயை எடுத்து நாபின் அடியில் பீய்ச்சுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், நாப் என்பது கவிழ்த்து வைத்த கிண்ணம். எண்ணெய் மேலே ஏறாது, லீவர் வழியாக வழிந்து தரை விரிப்பை நனைக்கும். லீவரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தினால்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும். ஆகவே என் யோசனை, லீவரோடு மேசைக்கு வாருங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். லீவரின் அடியில் திருகு மூடியோ சில போல்ட்களோ இருக்கும். அவற்றைக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு லீவர் மேலே வரும். என்ன எந்த வரிசையில் வந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த வாயைச் சுத்தமான துணியால் உடனே அடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு வாஷர், நாப் தராத தொல்லையைத் தரும்.

மேசையில் லீவரைத் தலைகீழாக வைஸில் பிடியுங்கள். வைஸின் வாயில் மரத்துண்டோ அலுமினியத் தகடோ கொடுத்தால் குரோம் பூச்சு தப்பிக்கும். நாபுக்கும் லீவருக்கும் இடையிலான இடுக்கில் சில சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் இன்னும் கொஞ்சம். அவசரம் வேண்டாம். அசிட்டோன் கலந்து வீட்டிலேயே தயாரிக்கும் எண்ணெய்க் கலவையைப் பற்றிப் பலர் சொல்வார்கள். இரும்போடு இரும்பு என்றால் சரி. பிளாஸ்டிக் நாபுக்குப் பக்கத்தில் அசிட்டோனைக் கொண்டுவரவே கூடாது, பல பிளாஸ்டிக்குகளின் மேல்தோலை அது கரைத்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. உங்கள் கறுப்பு நாப் பேக்லைட் என்ற பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த லியோ பேக்லாண்ட் 1907-இல் கண்டுபிடித்த பொருள் அது. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள், மருந்து வாடை போன்ற கார்பாலிக் நெடி லேசாக வந்தால் பேக்லைட். ஒருமுறை இறுகிய பேக்லைட் மறுபடி உருகாது. கொதிநீர்ச் சூட்டையும் தாங்கும். ஆனால் நொறுங்கும் குணம் உண்டு, அதனால் சட்டென்று சூடாக்குவதும் அடிப்பதும் ஆகாது. ஹேர் டிரையரால் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டுங்கள். ஒரே அளவு சூட்டுக்கு எஃகு 12 பங்கு விரிந்தால் பித்தளை ஏறத்தாழ 19 பங்கும் அலுமினியம் 23 பங்கும் விரியும். உள்ளே இருக்கும் புஷ் லீவரைவிடக் கூடுதலாக விரிந்து பிடியைத் தளர்த்தும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. 60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்னை நாபுக்குச் சற்றுக் கீழே லீவரின் மேல் சாய்த்து வைத்துவிடுவேன். சூடு உலோகத்தின் வழியாக மரைக்குப் போகும், நாபின் மேல்புறத்தை நேராகத் தொடாது. லீவர் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடியை உடைக்கும். சூடாக்கி ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி சூடாக்கி என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அயர்னை வைக்க வேண்டும்.

திருகுவதற்கு உங்கள் கையே போதும், பிடிப்புதான் வேண்டும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி நாபின் மேல் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். ஒரு 'கிரீச்' சத்தம் வந்தால் வழிக்கு வந்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்தி இன்னொரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால்? பெரும்பாலான மெக்கானிக்குகள் நாபை உடைத்து லீவரைக் காப்பாற்றச் சொல்வார்கள். நான் மாறுபடுகிறேன். கியர் வரிசை பொறித்த அசல் நாப் உங்களுக்கு மறுபடி கிடைக்காமலே போகலாம். லீவர் வெறும் எஃகுக் கம்பி. நாபுக்கு கீழே அறுத்துவிட்டு, நாபில் சிக்கிய துண்டைக் கடைசல் இயந்திரத்தில் நடுவாகத் துளைத்து எடுக்கலாம். லீவருக்குப் புதுத் துண்டு வெல்டிங் வைத்து மரை போடலாம். நாப் ஏற்கெனவே வெடித்துச் சீரழிந்தது என்றால் மட்டும் ஹேக்ஸாவால் நீளவாக்கில் கீறிப் பிளந்துவிடுங்கள், மரையைத் தொடுவதற்கு முன்பே ரம்பத்தை நிறுத்திக்கொண்டு.

கேள்வி: என்னுடையது 1980களின் தொடக்கத்தில் வந்த வண்டி. நாப் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேலே வரவில்லை. மரை தேய்ந்துவிட்டதா?

பதில்: மரையே இல்லாமல் இருக்கலாம். அந்தக் காலகட்டத்து பிளாஸ்டிக் நாப்கள் பலவும் அழுத்திச் செருகப்பட்டவை. லீவரின் நுனியில் நீளவாக்கில் வரிகள் இருக்கும், நாப் அவற்றைக் கடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் சுற்றிச் சுற்றி அந்த வரிகளைத்தான் வழித்துக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்துங்கள்.

இதை நேர் மேலே இழுக்க வேண்டும். ஆனால் இரண்டு கையாலும் பிடித்து வெறியோடு இழுக்காதீர்கள். திடீரென்று விடும்போது அது நேராக முகவாய்க்குத்தான் வரும். பல் ஆடிப்போனவர்கள் உண்டு. இழுக்கிற விசை லீவரின் அடியில் இருக்கும் நைலான் கிண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வரக்கூடும். முன்பு சொன்ன அதே கதைதான், விசை கீழே இறங்கக் கூடாது. நாபுக்கு மூன்று விரல்கடை கீழே, லீவரில் துணி சுற்றி ஒரு கிளாம்ப்பை இறுக்குங்கள். கிளாம்ப்புக்கும் நாபின் அடிக்கும் இடையே, லீவரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜோடி மர ஆப்புகளை எதிரெதிராகச் செருகி, மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டுங்கள். கிளாம்ப் லீவரைக் கீழே தள்ளும், ஆப்பு நாபை மேலே தள்ளும், கியர் பாக்ஸுக்கு எதுவும் தெரியாது. அதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை நாபின் மேல் சில நிமிடம் போட்டுவைத்தால் பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும்.

மறுபடி மாட்டும்போதும் வெந்நீர்தான். சுத்தியல் வேண்டாம்.

கேள்வி: பழைய நாப் நல்லபடியாகக் கழன்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு மர நாப் வாங்கினேன். இரண்டு சுற்று நன்றாகப் போகிறது, பிறகு இறுகிவிடுகிறது. கொஞ்சம் பலமாகத் திருகினால் வழிவிடுமா?

பதில்: வழிவிடும். அதுதான் ஆபத்து. இரண்டு சுற்றுக்குப் பிறகு இறுகினால் மரையின் இடைவெளி, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், வேறு என்று அர்த்தம். மென்மையான பித்தளை புஷ்ஷை எஃகு லீவர் தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அடுத்த முறை கழற்றினால் தூளாக வரும்.

பழைய வண்டிகளில் மரை ஒரு பெரிய காடு. பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார், அதன் மரைக் கோணம் 55 டிகிரி. அமெரிக்கர்கள் 60 டிகிரியில் தங்கள் வழியில் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் ஒருவர் செய்த போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே முறைக்கு ஒப்புக்கொண்டன. அதுதான் இன்றைக்கும் யுஎன்சி (பெருமரை), யுஎன்எஃப் (நுண்மரை) என்று சொல்லப்படுவது. பிரிட்டிஷ் வண்டிகள் அதற்கு மாறியது படிப்படியாகத்தான். அதனால் 1950களின் வண்டி என்றால் எதையும் ஊகிக்காமல் அளந்துவிடுவது நல்லது.

3/8 அங்குலம் என்று ஒரே பெயர்தான், ஆனால் யுஎன்சி என்றால் அங்குலத்துக்கு 16 மரை, பழைய பிரிட்டிஷ் நுண்மரையான பிஎஸ்எஃப் என்றால் 20, யுஎன்எஃப் என்றால் 24. மெட்ரிக் பக்கம் வந்தால் 10 மில்லிமீட்டரிலேயே 1.25 இடைவெளியும் உண்டு, 1.5 இடைவெளியும் உண்டு. நிசான், மஸ்டா வண்டிகளில் பெரும்பாலும் முதலாவது, ஹோண்டாவில் இரண்டாவது. டொயோட்டா பலவற்றில் 12 மில்லிமீட்டர், 1.25 இடைவெளி. இதில் ஏமாற்றுகிற ஜோடி ஒன்று இருக்கிறது. 3/8 யுஎன்சி லீவரின் விட்டம் 9.5 மில்லிமீட்டர் சொச்சம். அதன் மேல் 10 மில்லிமீட்டர், 1.5 இடைவெளி கொண்ட நாப் சுகமாக ஏறிவிடும், பொருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். ஓட்டும்போது கடகடவென்று ஆடும்.

மரை அளக்கும் கேஜ் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு போல்ட்டை எடுத்து, அதன் மரையை லீவரின் மரைமேல் படுக்க வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லோடு பல் கோத்து இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் இடைவெளி ஒன்றுதான். விட்டத்தை வெர்னியர் காலிபரில் பாருங்கள். பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும், 10 மில்லிமீட்டர் மரை 9.8 என்று காட்டினால் பதற வேண்டாம்.

லீவரின் மரையை நாபுக்காக மாற்றி வெட்டாதீர்கள். நாபின் புஷ்ஷை மாற்றுங்கள். மர நாப் என்றால் பழைய புஷ்ஷை எடுத்துவிட்டுச் சரியான மரையுள்ள புது புஷ்ஷை எபாக்ஸி வைத்து ஒட்டுவது எந்தக் கடைசல்காரருக்கும் எளிய வேலை.

கேள்வி: நாபின் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதனோடு அப்படியே திருகிக் கழற்றலாமா?

பதில்: கூடாது. ஓவர்டிரைவ் சுவிட்ச் அது, வேகமாக ஓடும்போது இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியருக்கானது. 1970களின் பிற்பகுதியில் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் போன்ற வண்டிகளில் நாபிலேயே வைத்திருந்தார்கள். ஒயர் லீவரின் உள்ளே இறங்கிப் போகிறது, நாபைச் சுற்றினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். பிறகு நாபின் மேல்மூடியை பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி எடுத்து, சுவிட்சின் ஒயர்களைப் பிரியுங்கள். பிரித்த ஒயரின் நுனியில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள், உள்ளே நழுவிவிட்டால் மீட்பதற்கு.

கேள்வி: புளோ டார்ச் காட்டினால் எப்பேர்ப்பட்ட துருவும் விடும் என்கிறார்களே?

பதில்: துரு விடும், நாபும் போய்விடும். தந்த நிறத்திலோ சலவைக்கல் மாதிரியோ இருக்கும் மிகப் பழைய நாப் செல்லுலாய்டாக இருக்கலாம். அது நைட்ரேட் சேர்ந்த பொருள், தீப்பொறி பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும், அணைப்பதும் கஷ்டம். அக்ரிலிக் என்றால் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே இளகத் தொடங்கும். என்ன பொருள் என்று தெரியாத நாபின் பக்கத்தில் நெருப்பே வேண்டாம், அதுவும் வண்டிக்குள், சீட்டுக்கும் பெட்ரோல் ஆவிக்கும் நடுவில்.

கேள்வி: சுத்தம் செய்து திருப்பி மாட்டினேன். முழுக்க இறுக்கினால் மேலே பொறித்த கியர் வரிசை பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. நேராக நிறுத்தினால் நாப் தளர்ந்துவிடுகிறது.

பதில்: உங்கள் வண்டியில் லாக் நட் இருந்து, கழற்றும்போது எங்காவது உருண்டு போயிருக்க வேண்டும். தேடுங்கள், இல்லாவிட்டால் அதே மரையில் ஓர் ஒல்லி நட் வாங்குங்கள். நட்டை முதலில் லீவரில் நிறையக் கீழே இறக்கிவிட்டு, நாபை முழுக்க இறுக்கி, வரிசை நேராக வரும்வரை திருப்பிக் கழற்றி நிறுத்துங்கள். எத்தனை திருப்பினாலும் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. அப்புறம் நாபை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மேலே ஏற்றி இறுக்குங்கள். மரையில், அது மறுபடி இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் கிரீஸ் ஒரு துளி போதும். மரைப் பசை வைத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் நீல வகையைப் போடுங்கள். சிவப்பு வகை போட்டவர்கள் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.